கடைசியாக மாறியவர்

சந்தனமாரி இரண்டு வருடங்களில் ஐந்து கலந்தாய்வுக் குழுக்களில் இருந்திருக்கிறாள். ஐந்திலும் இறுதி அறிக்கையை எழுதியது அவள்தான். தமிழ் இலக்கியம் படிப்பவள், கையெழுத்தும் நன்றாக இருக்கும், அதனால் எழுதச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

ஆனால் அதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. குழுவில் யார் கடைசியாகத் தன் கருத்தை மாற்றிக்கொள்கிறாரோ அவர்தான் அறிக்கையை எழுத வேண்டும். மாறிய இடம் அவருக்கு இன்னும் வலிக்கும், அதனால் பார்த்து எழுதுவார் என்று காரணம் சொல்வார்கள். யார் தொடங்கிய வழக்கம் என்று தெரியவில்லை. இப்படி ஒரு வழக்கம் இருப்பது அவளுக்கும் தெரியும். ஐந்து முறையும் கடைசியாக மாறியது தான்தான் என்பதை மட்டும் அவள் சேர்த்துப் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் மாறுவதற்கு நியாயமான ஒரு காரணம் இருந்தது.

அரசு முடிவெடுக்கத் தயங்கும் கேள்விகள் பல்கலைக்கழகத்துக்கு வரும். நான்கு துறைகளைச் சேர்ந்த நான்கு மாணவர்கள் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு ஆறு வாரம் பேசுவார்கள். நான்கு பேரும் கையெழுத்திட்டால் அந்த அறிக்கையை அரசுத் துறை அப்படியே ஏற்க வேண்டும் என்பது சட்டம். ஒருவர் மறுத்தாலும் குழு உடைந்ததாகக் கணக்கு. கேள்வி துறைக்கே திரும்பும். துறை தன் விருப்பப்படி முடிவு செய்யும். யார் எந்தக் குழுவில் என்பதை ‘பொருத்தி’ என்ற மென்பொருள் தீர்மானித்தது.

ஆறாவது குழுவின் கேள்வி உப்பளம். கோடையில் காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து வரை உப்பளத்தில் ஆட்கள் இறங்குவதைத் தடை செய்யலாமா? பட்டியலில் தன் பெயரைப் பார்த்ததும் சந்தனமாரிக்குச் சந்தோஷம். அவள் அம்மா ஜெயக்கொடி இருபத்தாறு வருடமாக உப்பளத்தில் வேலை செய்கிறாள். இந்தத் தடவையாவது விஷயம் தெரிந்த ஒருத்தியை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

பதினான்காம் அறையில் ஒரு வட்ட மேசை, நான்கு நாற்காலிகள். மேசை நடுவில் சோப்புப் பெட்டி அளவில் ஓர் ஒலிப்பதிவுக் கருவி.

“போன வருசம் உப்பளத்துல மட்டும் நாப்பத்தோரு பேரு வெயில்ல செத்துருக்காவ,” என்று ஆரம்பித்தான் ஆவுடையப்பன். இயந்திரப் பொறியியல் மாணவன். கயத்தாறுக்காரன். கணக்குப் போட்டுப் பார்க்காமல் வாய் திறக்க மாட்டான். “இதுல பேச என்ன இருக்கு? தடை போடுவோம். முடிஞ்சுது. டீ குடிக்கப் போவோம்.”

“இறங்கலன்னா கூலி?” என்று கேட்டாள் சந்தனமாரி.

“அது பொறவு.”

“பொறவுன்னா எப்ப?”

“நான் சட்டந்தான் படிக்கேன், எனக்கே அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது,” என்றான் பிரெட்ரிக். தூத்துக்குடி டவுன் பையன். புள்ளியியல் படிக்கும் பர்வீன் சிரித்தாள். கருவியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சந்தனமாரி கேட்டது ஒன்றுதான். தடை வரட்டும். தடை செய்த நேரத்துக்கும் கூலி வேண்டும். இரண்டும் ஒரே வரியில் இருக்க வேண்டும்.

“கூலியும் குடு, ஆளையும் இறக்காதன்னா மொதலாளி என்ன செய்வான்?” என்றான் ஆவுடையப்பன். “மறுவாரமே மெசின இறக்குவான். அந்த மெசின நானே டிசைன் பண்ணிக் குடுப்பேன். பொறவு உங்க அம்மாவுக்கு வெயிலும் கிடையாது, வேலையும் கிடையாது. அத யோசிச்சியா?”

அவள் யோசித்தாள். அவன் சொன்னதில் பொய் இல்லை. நான்காவது வாரத்தில் பிரெட்ரிக்கும் பர்வீனும் ஆவுடையப்பன் பக்கம் போய்விட்டார்கள். இப்போதைக்குத் தடை மட்டும். கூலி ‘பின்னர் பரிசீலிக்கப்படும்’.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவள் அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோனாள். உப்பு அம்பாரத்தின் ஓரம் விழுந்த நீள நிழலில் ஜெயக்கொடி கால்களை நீட்டி உட்கார்ந்தாள். பாதங்கள் வெடித்து வெடிப்புகளில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

“ஏட்டி, நாலு பேரு ஏசி ரூமுல இருந்து எங்க வெயிலப் பத்திப் பேசுதியளாமே?”

“பேசுதோம்மா.”

“என்ன முடிவாச்சு?”

“மத்த மூணு பேரும் மொதல்ல தடை, கூலி பொறவுங்காங்க. நான் ரெண்டும் சேத்துதான்னு சொல்லுதேன்.”

“கடேசி வரைக்கும் சொல்லுவியா?”

“ஏன் இப்பிடிக் கேக்க?”

“சின்னதுலயே நீ அப்பிடித்தானட்டி. தட்டுல இருக்க மீன எவனாவது பாத்தாலே எடுத்துக் குடுத்துருவ. குடுத்துட்டு, எனக்குப் பசிக்கலம்ப.” ஜெயக்கொடி கஞ்சியைக் குடித்துவிட்டு எழுந்தாள். “நாலு மாசம் வேலை இல்லன்னா நான் இங்கன கெடக்க முடியாது பாத்துக்கோ. திருப்பூருக்குத்தான் போவணும். உங்க சின்னாத்தா கூப்புட்டுக்கிட்டேதான் இருக்கா.”

அவள் பாத்திக்குள் இறங்கினாள். மணி ஆறரைகூட ஆகவில்லை. அதற்குள் உப்பைக் கண் கொண்டு பார்க்க முடியவில்லை.

மறுநாள் கேன்டீனில் பர்வீன் எதிரே வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு நோட்டு.

“மாரி, ஒண்ணு சொன்னா கோவப்பட மாட்டியே?”

“சொல்லு.”

“என் ப்ராஜெக்டுக்காக பழைய குழு அறிக்கையெல்லாம் எடுத்துப் படிச்சேன். மூணு வருசத்துல நூத்திப் பன்னெண்டு. எழுதினவங்க மொத்தமே பத்தொம்பது பேர்தான்.”

“நல்லா எழுதறவங்க அவ்வளவுதான் இருப்பாங்க.”

“நல்லாவா? அதுல ஏழு பேருக்கு ஒரு வரி பிழையில்லாம எழுத வரல. சிவில்ல இருந்து ஒரு ஆளு, படிக்கவே முடியல.” பர்வீன் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். “கடைசியா மாறுறவங்கதானே எழுதணும்? அப்ப எப்பவும் மாறுறது இந்தப் பத்தொம்பது பேர். ஒவ்வொரு குழுவுலயும் இவங்கள்ல சரியா ஒருத்தர். ரெண்டு பேர் இருக்குற குழு ஒண்ணு இல்ல. ஒருத்தர்கூட இல்லாத குழுவும் இல்ல. சும்மா குலுக்கிப் போட்டா இப்படி வராது மாரி. யாரோ பாத்து வைக்கிறாங்க.”

பட்டியலில் பதினோராவது பெயர் தன்னுடையது என்பதைச் சந்தனமாரி பார்த்தாள். டீ ஆறிப்போயிருந்தது. குடித்தாள்.

“நான் சார்ட்ட கேக்கேன்,” என்றாள்.

குழுக்களின் ஒருங்கிணைப்பாளர் பேராசிரியர் கோமதிநாயகம். நல்ல மனிதர். மாணவர்களுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டியிருக்கிறார். அவள் கேட்டதும் அவர் எதையும் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் அவளுக்குக் கோபமாவது வந்திருக்கும்.

“உக்காரும்மா. அதுக்கு இளகு எண்ணுன்னு பேரு. நீங்க பேசுறதெல்லாம் பதிவாகுதில்ல, அத பொருத்தி கேக்கும். ஒருத்தர் எந்த இடத்துல ‘இல்ல’ங்கறத விட்டுட்டு ‘சரி, ஆனா’ன்னு ஆரம்பிக்கிறாரு, அதுக்கு எத்தன நிமிசம் ஆகுது, யாரு குரல் வாடுனா ஆரம்பிக்கிறாரு, இதெல்லாம் பாத்து நூத்துக்கு ஒரு எண் குடுக்கும்.”

“எனக்கு எத்தன சார்?”

“தொண்ணூத்தொண்ணு.”

“அதிகமா?”

“உனக்கு மேல ரெண்டு பேருதான்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பொருத்தி வர்றதுக்கு முன்னாடி பத்துக் குழுவுல ஒம்பது உடைஞ்சிரும்மா. நாலு கெட்டிக்காரங்கள ஒரு ரூம்ல போட்டா வேற என்ன நடக்கும்? எல்லாக் கேள்வியும் துறைக்கே போயிரும். அங்க ஒரு மனுசன் அஞ்சு நிமிசத்துல கையெழுத்துப் போடுவான். அதுக்கு இது பரவால்லன்னுதான். குழுவுக்கு ஒருத்தர், எம்பதுக்கு மேல உள்ளவங்க.”

“சரி சார். உப்பளக் கேள்விக்கு ஏன் என்னைப் போட்டீங்க? பத்தொம்பது பேர் இருக்காங்கல்ல?”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“முடிஞ்ச வரைக்கும் பாதிக்கப்படுறவங்க வீட்டு ஆளாப் பாத்துப் போடும். அவங்களே ஒத்துக்கிட்டா, பொறவு வெளிய யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் எழுந்தாள்.

“நான் மாறலன்னா சார்?”

“குழு உடையும். துறை தடைய மட்டும் போடும். ‘பரிசீலிக்கப்படும்’ங்கிற வார்த்தைகூட இருக்காது.” அவர் மெதுவாகச் சொன்னார். “உன்னை மாறச் சொல்லல. உள்ளதச் சொன்னேன்.”

வெளியே பர்வீன் காத்திருந்தாள். “என்ன சொன்னார்?”

“தற்செயல்தானாம்,” என்றாள் சந்தனமாரி. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே முதலில் புரியவில்லை. விடுதி அறைக்குப் போய்ப் படுத்த பிறகு புரிந்தது. மற்றவர்களுக்குத் தெரிந்தால் அவள் மாறாமல் இருப்பதை ஒரு வீம்பு என்று எடுத்துக்கொள்வார்கள். இப்போது அவளிடம் இருப்பது அவர்களுக்குத் தெரியாத ஒன்று. வாழ்க்கையில் முதல் முறையாகத் தட்டில் இருப்பதை மூடி வைத்துக்கொண்டாள்.

கடைசி அமர்வு. காலை பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடிய வேண்டும். பன்னிரண்டுக்குள் பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். மூன்று பேர் சம்மதம். மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். பிரெட்ரிக் பேனாவைக்கூட அவள் பக்கமாக நகர்த்தி வைத்தான். அதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. எப்போதும் அவள்தானே எழுதுவாள்.

“என்ன மாரி, சொல்லு,” என்றாள் பர்வீன். அவள் முகம் களைத்திருந்தது.

சந்தனமாரிக்குத் தொண்டையில் அந்த இரண்டு சொற்களும் வந்து நின்றன. சரி, ஆனா. எவ்வளவு சுலபமான சொற்கள் என்று நினைத்தாள். சொல்லிவிட்டால் மூன்று முகங்களும் தெளிந்துவிடும். பிரெட்ரிக் ஏதாவது வேடிக்கை சொல்வான். எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள். அவளுக்கு அந்த நேரம் பிடிக்கும். ஐந்து முறையும் அந்த நேரத்துக்காகத்தான் மாறினாளோ என்று இப்போது தோன்றியது.

“நான் சொன்னதேதான்,” என்றாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

“குழு உடைஞ்சிரும் மாரி,” என்றான் பிரெட்ரிக். “துறை கைக்குப் போச்சுன்னா தெரியுமில்ல?”

“தெரியும்.”

“நாப்பத்தோரு பேரு,” என்றான் ஆவுடையப்பன்.

“தெரியும். அதுல ரெண்டு பேரு எங்க தெரு.”

பன்னிரண்டே காலுக்கு ஆவுடையப்பன் தாளை எடுத்து மறுபடி கணக்குப் போட ஆரம்பித்தான். அவனுக்குச் சும்மா உட்கார வராது. போட்டபடியே முணுமுணுத்தான். “மெசின் எடை மூணு டன்னுன்னு வெச்சுக்கிட்டா… பாத்தித் தரை களிமண்ணு…” கொஞ்ச நேரம் கழித்துத் தலை நிமிர்ந்தான். “ஏய், பாத்திக்குள்ள நடந்தா கால் எவ்வளவு அமுங்கும்?”

“கணுக்கால் வரைக்கும். சில பாத்தியில அதுக்கு மேல.”

“உங்க அம்மா அதுலயா சொமந்துட்டு நடக்காவ?”

“ஆமா.”

அவன் மறுபடி குனிந்தான். பன்னிரண்டு நாற்பதுக்குப் பேனாவைக் கீழே வைத்தான்.

“மெசின் நிக்காது. தரைய மொத்தமா மாத்தணும். கொறஞ்சது ஏழு வருசம். அதுக்குள்ள எந்த மொதலாளியும் ஆள நிப்பாட்ட முடியாது.” அவன் மற்ற இருவரையும் பார்த்தான். “நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். கூலியச் சேத்துக்குவோம்.”

அவன் நகர்ந்ததும் மற்ற இருவரும் நகர்ந்தார்கள். பர்வீன் உடனே. பிரெட்ரிக் ஒரு விதிவிலக்கு கேட்டுப் பார்த்துவிட்டு. பிறகு யார் எழுதுவது என்ற பேச்சு வந்தது. கடைசியாக மாறியவன் பிரெட்ரிக்தான். ஆனால் அவன் கையெடுத்துக் கும்பிட்டான். “என்னைய விட்டுருங்கப்பா. மாத்துனவன் ஆவுடை, அவன் எழுதட்டும்.”

ஆவுடையப்பன் இதற்கு முன் எழுதியதில்லை. பத்து நிமிடம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினான். ‘கூலி இல்லாமல் தடை இல்லை. தடை இல்லாமல் கோடை இல்லை.’ இரண்டாவது வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று பிரெட்ரிக் கேட்டான். படிக்க நன்றாக இருக்கிறது என்றான் ஆவுடையப்பன். அடித்துவிட்டார்கள். முதல் வாக்கியம் சட்டமானது.

சித்திரையில் தடை அமலுக்கு வந்தது. ஜெயக்கொடி இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாகக் கோடைப் பகலில் வீட்டில் இருந்தாள். “பகலு இம்புட்டு நீளமா இருக்கும்னு தெரியாமப் போச்சேட்டி,” என்றாள். மத்தியானம் தூங்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

ஆடியில் புதிய குழுக்களின் பட்டியல் வந்தது. எட்டுக் கேள்விகள், எட்டுக் குழுக்கள். சந்தனமாரியின் பெயர் எதிலும் இல்லை. கோமதிநாயகம் சாரைப் போய்ப் பார்த்தாள்.

“உன் எண் இருபத்திரெண்டுக்கு இறங்கிருச்சும்மா. எந்தக் குழுவுல வெச்சாலும் உடையும்னு காட்டுது,” என்றார். பிறகு, “எனக்கு வருத்தந்தான்,” என்றார். அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது.

பதினான்காம் அறை வாசலில் ஆவுடையப்பன் நின்றுகொண்டிருந்தான். புதுச் சட்டை. அவளைப் பார்த்ததும் கையை ஆட்டினான்.

“ஏய் மாரி! எனக்கு மூணு குழு தெரியுமா? ஒரே டெர்ம்ல மூணு! இதுவரைக்கும் ஒண்ணுக்கு மேல போட்டதே இல்ல. அந்த ஒத்த வரி எழுதுனதுதான்னு நெனைக்கேன், எல்லாருக்கும் புடிச்சுப்போச்சு போல.”

“இன்னைக்கு என்ன கேள்வி?”

“அததான் சொல்ல வாரேன். தனியார் தண்ணி லாரியத் தடை செய்யலாமா வேண்டாமா. எங்க அப்பா முப்பது வருசமா அதான ஓட்டுதாரு! வீட்டுல ஒரே பெருமை. விசயம் தெரிஞ்ச ஆளா இந்தத் தடவ எடுத்துருக்காங்க பாரு.”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். மணி ஒன்பதே முக்கால்.

“ஆவுடை, உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு விசயம் கேளு,” என்றாள்.

சொன்னாள். எண், பத்தொன்பது பேர், தன்னுடைய தொண்ணூற்றொன்று, பாதிக்கப்படுகிறவர் வீட்டு ஆள், எல்லாவற்றையும். பர்வீனிடம் பொய் சொன்னதையும் சேர்த்து. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

“என் எண் எத்தன?”

“தெரியாது. முன்ன கம்மியா இருந்திருக்கும். அன்னைக்கு நீ மாறுனதுக்கு அப்புறம் கூடியிருக்கும்.”

“அப்ப அன்னைக்கு உனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே அசையாம உக்காந்திருந்த. எனக்கு ஒண்ணும் தெரியாது.”

“ஆமா.”

“யாராவது மாறித்தான ஆகணும்னு இருந்த.”

“ஆமா. நீதான் மாறுவன்னு எனக்குத் தெரியாது.”

அவன் தன் புதுச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் குரல் உயரவில்லை.

“நீ சொல்லியிருந்தாலும் நான் அந்தக் கணக்கப் போட்டிருப்பேன் மாரி. களிமண்ணு எனக்காக மாறவா போவுது? ஏழு வருசம் ஏழு வருசந்தான்.”

“அது எனக்குத் தெரியலையே.”

“கேட்டிருக்கலாம்ல?”

பத்து அடிக்கப் போகிற நேரத்தில் மற்ற மூன்று பேரும் வந்தார்கள். இரண்டு பையன்கள், முதலாம் ஆண்டு படிக்கும் ஒரு சின்னப் பெண். ஆவுடையப்பன் அவர்களுக்கு வழிவிட்டு, கடைசியாக உள்ளே போனான். கதவு மூடியது.

சந்தனமாரி தாழ்வாரத்து சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பத்தரைக்கு வகுப்பு இருந்தது. போகவில்லை. அவன் மாறினால் அவன் அப்பாவின் லாரி போய்விடும். மாறாவிட்டால் குழு உடையும். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் இரண்டில் ஒன்று அவன் அறியாமல் நடந்திருக்கும். எது நல்லது என்று யோசித்தாள். பிடிபடவில்லை.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கதவு திறந்தது. அந்தச் சின்னப் பெண் மட்டும் வெளியே வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“அக்கா, கோமதிநாயகம் சார் ரூம் எது?”

“ஏன்?”

“உள்ள அந்த அண்ணன் ஏதோ எண்ணுன்னு சொன்னாங்க. பதிவு ஓடிக்கிட்டிருக்கும்போதே சொல்லிட்டாங்க. பொறவு நாலு பேரு எண்ணும் என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பேச ஆரம்பிப்போம்னு முடிவாச்சு. என்னையக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க.” அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். “சார் சொல்லுவாராக்கா?”

“கேட்டா சொல்லுவார்.”

“திட்ட மாட்டாரே?”

“மாட்டார்.”

சந்தனமாரி கையை நீட்டி அறையைக் காட்டினாள். தாழ்வாரத்தின் கோடியில், இடது பக்கம். அந்தப் பெண் பாதி தூரம் நடந்தாள். நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

சந்தனமாரி எழுந்து அவளோடு போனாள்.